செல்லக்கடிக்கு அடி வேண்டாம்

முதன்முறையாக நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கும் குடும்பங்களுக்கு,

குட்டி வந்து ஒரு வாரத்துக்குள் உங்கள் கைகளில் கீறல் விழுந்திருக்கும். முந்தானையைக் கவ்வி இழுக்கிறது, கொலுசுச் சத்தம் கேட்டால் காலைத் துரத்துகிறது, மடியில் தூக்கி வைத்தால் விரலைக் கடிக்கிறது. பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதற்கு ஓர் ஆலோசனை இருக்கும். மூக்கில் ஒரு தட்டு தட்டுங்கள் என்பார் ஒருவர். வாயைச் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள் என்பார் மற்றவர். செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், மல்லாக்கப் புரட்டி அமுக்குங்கள், இரண்டு நாள் கட்டிப் போட்டால் தானாக அடங்கும் என்றெல்லாம் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆலோசனை தவறு என்பதைக் காரணத்தோடு உங்கள் முன் வைக்கவே இந்த மடல். நாளைக்கே குட்டி கடிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது இப்போதைக்கு உங்கள் இலக்காக இருக்க வேண்டியதில்லை. தன் தாடைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது, மனிதத் தோலின் மேல் அதில் எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதை அது முதலில் கற்க வேண்டும். கடியே இல்லாத பழக்கம் அதற்கு அடுத்தபடி. இந்த வரிசையை மாற்றக் கூடாது. அடித்தாலோ, இரண்டு பாடமும் சேர்ந்து கெட்டுப்போகும்.

குட்டி ஏன் கடிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. பிறந்த மூன்றாவது வாரவாக்கில் அவை முளைக்கத் தொடங்குகின்றன. பற்கள் மிகக் கூர்மை, ஆனால் அவற்றை இயக்கும் தாடைத் தசைக்கு வலு குறைவு. அதனால் கடி சுருக்கென்று வலிக்குமே தவிர, ஆழமாக இறங்குவது அரிது. கூடப் பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும்போது இந்த இரண்டும் சேர்ந்துதான் பாடம் நடத்துகின்றன. ஒரு குட்டி இன்னொன்றின் காதை அழுத்திக் கடித்தால், கடிபட்டது கத்திவிட்டு விலகிப் போகும், இல்லையென்றால் திருப்பிக் கடிக்கும். கடித்ததற்கு விளையாட்டு போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி வரும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வரும். பால் குடிக்கையில் பல் பட்டால் தாய் எழுந்து போய்விடும், அதுவும் அதே பாடம்தான். இவற்றின் விளையாட்டில் ஒழுங்கு இருக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. முன்னங்கால்களைத் தரையோடு தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும் அந்த அழைப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலையை இருபக்கமும் உலுக்கிக் கடிப்பது போன்ற, சண்டை என்று எதிராளி தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய கடிகளுக்குச் சற்று முன்னும் பின்னும் அந்த அழைப்பு அதிகமாக வருகிறது என்று அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப் 1995இல் காட்டினார். இது விளையாட்டுதான் என்று சொல்லிவிட்டுக் கடிக்கிற விலங்கு அது. உங்கள் விரலைக் கவ்வும் குட்டிக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. தன் உடன்பிறப்புகளோடு பேசிய மொழியிலேயே உங்களோடும் பேசப் பார்க்கிறது.

அந்த மொழியை அது பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965இல் தங்கள் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, யாரோடு எப்படிப் பழகுவது என்பதைக் குட்டி மிக வேகமாகக் கற்கும் பருவம் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. அந்தப் பருவத்தின் முதல் பாதி தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் கழிய வேண்டும். நம் ஊரிலோ 30, 40 நாளிலேயே குட்டிகள் கைமாறுவது வழக்கமாகிவிட்டது. எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு அழகு என்று வாங்குபவர் நினைக்கிறார். தீவனச் செலவு மிச்சம் என்று விற்பவர் நினைக்கிறார். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. 30 முதல் 40 நாளுக்குள் பிரிக்கப்பட்ட நாய்களையும் இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்ட நாய்களையும் வைத்து, மொத்தம் 140 நாய்களைப் பற்றி இத்தாலிய ஆய்வாளர்கள் அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டு 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓயாத குரைப்பு, வெளியே நடக்கையில் பயம், பொருள்களைக் கடித்து நாசமாக்குவது, தீனியையும் பொம்மையையும் யாரையும் அண்ட விடாமல் காப்பது ஆகியவை சீக்கிரம் பிரிக்கப்பட்டவற்றில் கூடுதலாக இருந்தன. இதைப் படிக்கும்போது நீங்கள் இன்னும் குட்டி வாங்கவில்லை என்றால் எட்டு வாரம் வரை காத்திருங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால், உடன்பிறந்தவை நடத்த வேண்டிய மிச்சப் பாடம் உங்கள் பொறுப்பாகிவிட்டது.

இனி அந்த வரிசைக்கு வருகிறேன். முதலில் அழுத்தம், பிறகு எண்ணிக்கை என்ற இந்த முறையைக் குட்டி வளர்ப்பவர்களிடையே பரப்பியவர் கால்நடை மருத்துவரும் நாய் நடத்தை வல்லுநருமான இயன் டன்பார். நாய்க்கடிகளை ஆறு படிநிலைகளாக வகுத்தவரும் அவர்தான். முதல் நிலையில் பல் தோலில் படுவதே இல்லை. இரண்டாவதில் பல் படும், ஆனால் குத்திக் கிழிக்காது. மூன்றிலிருந்துதான் பல் தோலுக்குள் இறங்குகிறது. ஆறாவது நிலை மரணம். ஒரு நாய் எந்த நிலையில் நிற்கும் என்பது அதன் கோபத்தை மட்டும் பொறுத்ததில்லை. வாயை எவ்வளவு கட்டுப்படுத்தக் கற்றிருக்கிறது என்பதையும் பொறுத்தது. எவ்வளவு சாதுவான நாயும் ஒருநாள் பல்லைப் பயன்படுத்தக்கூடும். இருட்டில் யாரோ வாலை மிதித்துவிடலாம், அடிபட்ட காலைத் தூக்கிப் பார்க்கலாம், தீபாவளிச் சரவெடிக்கு மிரண்டு கட்டிலுக்கு அடியில் ஒடுங்கியதை இழுக்க முயலலாம். அந்த நொடியில் நாய் யோசிப்பதில்லை, உடம்பில் ஊறியதைச் செய்கிறது. சின்ன வயதில் அழுத்தத்தைக் குறைக்கக் கற்ற நாய் எச்சில் மட்டும் படக் கவ்விவிட்டு விட்டுவிடும். அந்தப் பாடமே கிடைக்காத நாயின் முதல் கடியே தையல் போடுமளவுக்கு இருக்கக்கூடும். நான்கு மாதத்தை ஒட்டிப் பால்பற்கள் விழ ஆரம்பித்து, ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். தாடையும் பலப்பட்டுவிடும். பாடம் நடத்துவதற்குப் பாதுகாப்பான காலம் என்பது, குட்டி வந்த நாளிலிருந்து உங்களுக்கு இரண்டு, மூன்று மாதங்கள் மட்டுமே.

நடைமுறையில் இது எளிது, ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். விளையாடும்போது குட்டி அழுத்திக் கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். அசையும் கை ஓடும் இரையாகத் தோன்றும், இன்னும் இறுக்கும், பல்லும் கீறும். கையைத் தளர்த்தி அப்படியே நிறுத்துங்கள். சாதாரணக் குரலில் 'ஆ' என்று ஒரு சத்தம் போதும். விட்டதும் சில நொடி விளையாட்டை நிறுத்திவிட்டு மறுபடி தொடருங்கள். மறுபடி அழுத்தினால் ஒன்றும் பேசாமல் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய், அரை நிமிடம் கழித்துத் திரும்புங்கள். ஐந்து நிமிடம் போனால் எதற்காகப் போனீர்கள் என்பதைக் குட்டி மறந்துவிடும். 'ஆ' என்ற சத்தத்தைக் கேட்டதும் சில குட்டிகளுக்கு உற்சாகம் ஏறிவிடும், இரட்டிப்பு வேகத்தில் பாயும். அப்படிப்பட்ட குட்டியிடம் சத்தமே வேண்டாம், எழுந்து போவது மட்டும் போதும். முதல் சில நாள்கள் மிக வலிக்கும் கடிக்கு மட்டும் விளையாட்டை நிறுத்துங்கள். அது குறைந்ததும் நடுத்தரக் கடிக்கும் நிறுத்துங்கள். கடைசியில் பல்லின் பாரம் லேசாகத் தெரிந்தாலே விளையாட்டு நிற்கும் என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். இந்தப் படிப்படியான இறக்கம்தான் முழுப் பாடமும். எல்லாக் கடிக்கும் முதல் நாளே ஒரே மாதிரி முகம் காட்டினால், மெல்லக் கவ்வியதற்கும் இறுக்கிக் கடித்ததற்கும் என்ன வித்தியாசம் என்று குட்டிக்கு எப்படித் தெரியும்?

அழுத்தம் போன பிறகு எண்ணிக்கையைக் குறையுங்கள். 'விடு' என்று சொல்லி, வேகவைத்த கோழிக்கறித் துண்டு ஒன்றையோ பிடித்த பொம்மையையோ மூக்கருகே காட்டினால் வாய் திறக்கும். திறந்ததும் கொடுங்கள். சொல்லைக் கேட்டு விடுவது லாபம் என்று ஆகிவிட்டால், கையைக் கவ்வத் தொடங்காமல் இருப்பதே அடுத்த பாடம். முந்தானைக்கும் வேட்டி நுனிக்கும் மாற்றாக இழுத்து விளையாடக் கயிறு ஒன்று எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பல் மாறும் காலத்தில் ஈறு உறுத்தும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வேகவைத்த எலும்பைக் கொடுக்காதீர்கள், அது சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சாயங்காலம் குட்டி வெறிபிடித்ததுபோல் வீடு முழுக்க ஓடிக் கடிக்கிறது என்றால், பெரும்பாலும் அதற்குத் தூக்கம் போதவில்லை. குட்டி ஒருநாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்க வேண்டும். ஆள் நடமாட்டம் ஓயாத வீட்டில் அதற்கு இடமே கிடைப்பதில்லை. ஒரு மூலையில் படுக்கை போட்டு, தூங்கும் குட்டியை யாரும் எழுப்பக் கூடாது என்று வைத்துக்கொண்டாலே பாதிக் கடி குறைவதைப் பார்ப்பீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு இளைஞர்கள் கையையே பொம்மையாக்கி முகத்தில் தட்டித் தட்டிக் குட்டியைச் சீண்டி விளையாடுவார்கள். ஒருவர் செய்யும் அந்த விளையாட்டு மற்ற எல்லாருடைய உழைப்பையும் கரைத்துவிடும்.

'அடியாத மாடு படியாது' என்பது முதலில் வரும் மறுப்பு. அடித்தால் கடி நிற்கும் என்பதை நான் மறுக்கவில்லை, பல குட்டிகளிடம் அந்த நேரத்துக்கு நிற்கும். எதை இழந்து நிற்கிறது என்பதுதான் கேள்வி. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நடத்தைப் பிரச்சினைக்காக நாய்களை அழைத்து வந்த உரிமையாளர்களிடம் விசாரித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர், நாய் பதிலுக்குச் சீறியது அல்லது கடிக்க வந்தது என்றார்கள். மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் அது 31 விழுக்காடு. பிரச்சினை உள்ள நாய்களிடம் எடுத்த கணக்கு அது, எல்லா நாய்க்கும் பொருந்தாது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் அடி எங்கே கைகொடுக்கும் என்று நம்புகிறோமோ, அந்த நாய்களிடமே அது இப்படித் திரும்பியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். புரட்டி அமுக்கித் தலைவன் யார் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணம், அடைத்து வைத்த ஓநாய்களைப் பற்றி 1947இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதைப் புத்தகம் எழுதிப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் தாமே திருத்தி எழுதினார்.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று பிள்ளை வளர்ப்பில் சொல்வதுண்டு. நாய்க்குட்டியிடம் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தன்னை நோக்கி நீளும் கை அடிக்க வருகிறதா அணைக்க வருகிறதா என்று அதற்குத் தெரிவதில்லை. அதனால் எல்லாக் கையையும் சந்தேகிக்கக் கற்கிறது. மருந்து போட வரும் கையும், கழுத்துப்பட்டையைப் பிடிக்க வரும் கையும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையும் அதில் சேரும். இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய் உறுமுவதை நிறுத்திவிடும். உறுமல் ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை போன பிறகும் பயம் போகாது. அப்படிப்பட்ட நாய் கடித்த அன்றுதான், 'ஒன்றும் செய்யாத நாய், திடீரென்று கடித்துவிட்டது' என்று வீட்டில் சொல்வார்கள். நாய்ப் பயிற்சி எல்லாவற்றிலும் வெகுமதி முறையையே பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் விலங்கு நடத்தைச் சங்கம் 2021இல் அறிவித்ததற்கும் இத்தகைய சான்றுகளே அடிப்படை.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது, அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ரேபிஸ் இன்னும் ஒழியாத நாட்டில், பல் தோலில் படுவதை ஒரு கட்டம் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்வது சரியா? சின்னக் குட்டியிடமிருந்தும் அந்த நோய் பரவும். குட்டிக்கு முதல் ரேபிஸ் ஊசி வழக்கமாக மூன்று மாதத்தில்தான் போடப்படுகிறது. ரத்தம் வராத சிறு கீறலுக்கும், மூடப்படாத தோலைப் பல்லால் கொறித்ததற்கும் காயத்தைக் கழுவித் தடுப்பூசி போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தோல் கிழிந்த கடிக்கு அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். ஆகவே பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம். குட்டி வளர்க்கும் வீட்டில் பெரியவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். தெருவில் எடுத்த குட்டி, தாய்க்கு ஊசி போட்டார்களா என்றே தெரியாத குட்டி என்றால், ஊசி முடியும் வரை கயிறும் பொம்மையும் வைத்து மட்டுமே விளையாடுங்கள். பச்சைக் குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டில் இந்தப் பாடம் அவர்கள் கையில் நடக்கக் கூடாது. குழந்தையும் குட்டியும் பெரியவர் கண்பார்வை இல்லாமல் ஒரே அறையில் இருக்கவும் கூடாது. ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் என் வாதம் நிற்கிறது. கையை நீட்டிக் கடிக்கக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் என்ன செய்தாலும் பல் முளைத்த குட்டி சில வாரங்களுக்குக் கவ்வத்தான் போகிறது. வந்துவிடும் அந்தக் கடிகளுக்கு நீங்கள் எப்படி முகம் காட்டுகிறீர்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தவை, அவற்றுக்கு இதெல்லாம் ஏறாது என்பார்கள். லாப்ரடார் இனம் சுடப்பட்ட பறவையைச் சேதமில்லாமல் கவ்வி வருவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. இருந்தும் லாப்ரடார் குட்டி கடிப்பதை அதை வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்த இனமும் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுப் பிறப்பதில்லை. தாடை பலமான இனம் என்றால் பாடம் இன்னும் அவசியம். ராஜபாளையத்தில் மட்டும் தனியாகக் கவனிக்க ஒன்று உண்டு. அந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. காது கேளாத குட்டியிடம் 'ஆ' என்பதும் 'விடு' என்பதும் எடுபடாது, பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். சொல்லுக்குத் திரும்பாத குட்டியைப் பிடிவாதக்காரன் என்று முடிவுகட்டுமுன் காதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கேளாது என்று தெரிந்தால் கையசைவால் சொல்லிக் கொடுங்கள். அதேபோல் உடம்பு விறைத்து, கண் நிலைகுத்தி, தீனித் தட்டின் மேல் கவிழ்ந்து நின்று கடிக்கும் குட்டி விளையாடவில்லை. அதற்கு இந்த மடல் போதாது, மருத்துவரும் அனுபவமுள்ள பயிற்சியாளரும் வேண்டும். அடிக்கச் சொல்லும் பயிற்சியாளரிடம் மட்டும் குட்டியை விடாதீர்கள்.

இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் எல்லாரும், வேலைக்கு வருகிறவரோடு சேர்த்து, ஐந்து நிமிடம் உட்காருங்கள். எந்தச் சொல்லைச் சொல்வது, எந்தக் கடிக்கு விளையாட்டை நிறுத்துவது, கதவுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நிற்பது என்று பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள். யாரும் குட்டியை அடிப்பதில்லை என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நலனையும் குட்டியின் நலனையும் நாடும் ஒருவர்